எடைமேடையில் ஒரு மனிதன்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு ஏற்றிவரும் லாரி எதுவும் எடைமேடை ஏறாமல் உள்ளே போகமுடியாது. சரக்கோடு ஒருமுறை நிறுப்பார்கள். இறக்கியபின் காலி வண்டியை மறுபடி நிறுப்பார்கள். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவதே சரக்கின் எடை. அதோடும் விடுவதில்லை. இரும்போடு சேர்ந்து வந்த மண் எவ்வளவு, மழையில் நனைந்த ஈரம் எவ்வளவு என்று ஒருவர் கிளறிப் பார்த்துக் கழிவு போடுவார். துருப்பிடித்த இரும்புக்குக் காட்டும் இந்த எச்சரிக்கையில் பத்தில் ஒரு பங்கையாவது மனித உடம்புக்குக் காட்டுகிறோமா என்பதுதான் என் கேள்வி.

அந்த வட்டாரத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். ஓராண்டு நிர்வாகத்துக்குத் திடீரென்று எங்கள் ஆரோக்கியத்தின்மீது அக்கறை பிறந்தது. முப்பது நாளில் அதிகக் கிலோ குறைப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். வென்றவர் உலையடியில் வேலை செய்பவர். கடைசி நாள் ஷிப்ட் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்து, வியர்வை உலர்வதற்குள் தராசில் ஏறி நின்றார். உலைச் சூட்டில் நாள் முழுதும் நிற்பவன் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று வியர்வையாகவே இழந்துவிடக்கூடும். இரண்டு சொம்புத் தண்ணீரில் அது திரும்பி வந்துவிடும். நாங்கள் அன்று கைதட்டியது ஒரு மனிதனின் நீர்வறட்சிக்கு. வெயில் காலத்தில் உயிரைக் குடிக்கக்கூடிய விஷயம் அது.

அதே போட்டியில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா ஒருவரும் இருந்தார். தினமும் ஒரு மணி நேரம் நடந்தார். செங்கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏதோ பயிற்சியும் செய்தார். மாதக் கடைசியில் பெல்ட்டில் இரண்டு துளை உள்ளே போயிருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. தராசு காட்டியதோ அறுநூறு கிராம் குறைவு. கேன்டீனில் சிரித்தார்கள். அடுத்த வாரம் அவர் நடப்பதை நிறுத்திவிட்டார்.

நடந்தது என்ன? கொழுப்பு கரைந்தது, தசை கொஞ்சம் கூடியது. தசை கொழுப்பைவிடக் கனம் என்று ஜிம்களில் சொல்லக் கேட்கிறோம். ஒரு கிலோ எப்போதும் ஒரு கிலோதான். ஒரு லிட்டர் கொழுப்பு ஏறத்தாழ 900 கிராம், அதே அளவுத் தசை 1,060 கிராமுக்குச் சற்று முன்பின். ஒரே எடைக்குத் தசை பிடிக்கும் இடம் குறைவு. ஆகவே இடுப்பு சுருங்கும், முள் அசையாது. போதாக்குறைக்குப் புதிதாகப் பயிற்சி செய்யும் தசை நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபுறம், சோற்றைக் குறைத்த முதல் வாரத்தில் 'மூன்று கிலோ போச்சு' என்று மகிழ்பவர் இழந்ததில் பெரும்பகுதி கிளைக்கோஜனும் அதோடு ஒட்டியிருந்த நீரும். ஒரு கிராமுக்கு மூன்று கிராம் நீர் என்பது தோராயக் கணக்கு. ஊறுகாயோடு ஒரு இரவுச் சாப்பாடு, பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள் என எதுவும் அந்த முள்ளை நகர்த்தும். இரும்பிலிருந்து ஈரத்தைக் கழிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஈரம் மட்டும் ஏன் தெரியவில்லை?

ஏமாற்றம் ஒரு பக்கம். பொய்யான ஆறுதல் அதைவிட ஆபத்தானது. எங்களோடிருந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் 58 கிலோ. கை கால் குச்சி, சட்டைக்குள் பானை வயிறு. மருத்துவ முகாமில் 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்தார்கள். காலில் தகடு கிழித்த புண் இரண்டு மாதமாக ஆறாதபோதுதான் சர்க்கரை தெரிந்தது.

இது விதிவிலக்கு அல்ல. 2004இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளியானது. புனேயின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின். இருவரின் உடல் நிறைக் குறியீடும் அச்சாக 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிந்தபடியே கொழுப்பைச் சுமப்பது நம் உடல்வாகு. மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. உயரம்-எடைக் கணக்கில் பருமனானோர் 28.6 விழுக்காடு, வயிற்றுச் சுற்றளவின்படி 39.5. இடைவெளியில் நிற்கும் பதினோரு விழுக்காட்டினராவது தராசிடம் நற்சான்று வாங்கியவர்கள்.

'ஒரு அளவுகோல் வேண்டாமா, தராசு மலிவு, எல்லோருக்கும் புரியும்' என்பார்கள். எடையே பயனற்றது என்று நானும் சொல்லவில்லை. குழந்தையின் வளர்ச்சிக்கும், உடலில் நீர் கோத்துக்கொள்ளும் இதய நோயாளிக்கும் அது உயிர்காக்கும் கருவி. ஆனால் உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுக்கும் சூத்திரத்தை 1830களில் தந்த கெட்லே மருத்துவரல்லர், பெல்ஜிய வானியலாளர். அவர் தேடியது சராசரி மனிதனை. ஸ்டோர்ஸ் குமாஸ்தாவை அல்ல. தனியொருவரின் பருமனை அந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்மானிக்கலாகாது என்று 2025 ஜனவரியில் லான்செட் ஆணையமும் சொல்லிவிட்டது.

ரயில் நிலையங்களில் வண்ண விளக்குகள் சுழல நின்றிருந்த எடை இயந்திரங்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காசு போட்டால் விழும் அட்டையில் எடையும் இருக்கும், ஆருடமும் இருக்கும். எவ்வளவு நேர்மையான இயந்திரம்!

நம் மொழியில் 'எடைபோடுதல்' என்றால் ஒருவரைத் தீர்ப்பிடுதல். கூடவே 'இளைத்தல்' என்ற சொல்லையும் வைத்திருக்கிறோம். மெலிவதற்கும் வலுவிழப்பதற்கும் அது ஒன்றே. ஊருக்குப் போனால் 'இளைச்சுட்டியேப்பா' என்று அம்மா பதறுவாளே, அந்தப் பதற்றத்தில் இருந்த கேள்வி, கிலோவுக்குப் பரிசு கொடுத்தவர்களிடம் இல்லை: போனது கொழுப்பா, வலுவா?

நான் கேட்பது பெரிய செலவல்ல. தையற்காரர் கழுத்தில் தொங்கும் நாடா போதும். அவர் எடுக்கும் அளவு மட்டும் உதவாது. நாம்தான் தொப்பைக்குக் கீழே பேன்ட்டை இறக்கிக் கட்டி, வருஷக்கணக்காக 'அதே 34' என்று சொல்லிக்கொள்கிறவர்களாயிற்றே. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டு, வயிற்றை எக்காமல் சுற்ற வேண்டும். ஆணுக்கு 90 செண்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் எடை எதுவானாலும் இரத்தத்தில் சர்க்கரை பார்க்கவேண்டும். அந்த 58 கிலோ மனிதரின் வயிற்றைச் சுற்றி ஒரே ஒருவர், ஒரே ஒரு முறை, நாடாவைப் பிடித்திருக்கலாம்.