தேங்காய்ப்பால் ஐஸ்கிரீம் மாற்று இல்லை, அசல்!

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் வீட்டுப்பாடமும் உண்டு.

தாய்லாந்து முறையில் வீட்டிலேயே தேங்காய்ப்பால் ஐஸ்கிரீம் செய்யலாம் என்று நம் குடும்பக் குழுவில் எழுதியிருந்தேன். உடனே மூன்று கேள்விகள் வந்தன. "பால் இல்லாமல் என்ன ஐஸ்கிரீம்?" "உப்பு என்று போட்டிருக்கிறதே, எழுத்துப்பிழையா?" "ரெண்டு ஏலக்காய் தட்டிப் போட்டால் நன்றாக இருக்குமே?" மூன்றுக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதல் கேள்வி. ஐஸ்கிரீம் தாய்லாந்துக்குள் வந்தது சுலாலங்கோர்ன் மன்னர் காலத்தில். அவர் ஆண்டது 1868 முதல் 1910 வரை. பசும்பால் காய்ச்சிக் குடிக்கும் பழக்கம் அந்த ஊரில் பெரிதாகக் கிடையாது. தேங்காய்க்குப் பஞ்சமே இல்லை. அதனால் தேங்காய்ப்பாலிலேயே செய்தார்கள். 'ஐத்திம் கத்தி' என்று பெயர். பயப்படாதீர்கள், அவர்கள் மொழியில் 'கத்தி' என்றால் தேங்காய்ப்பால்! இன்றைக்கும் பாங்காக் தெருக்களில் தள்ளுவண்டியில் விற்கிறார்கள். பன்னைப் பிளந்து, அதில் ஒட்டரிசிச் சோறு கொஞ்சம், மேலே ஐஸ்கிரீம், அதன்மேல் வறுத்த வேர்க்கடலை. சதுசாக் சந்தையில் கொட்டாங்கச்சியிலேயே வைத்துத் தருகிறார்கள். ஆக, பால் கிடைக்காதவர்களுக்காகக் கண்டுபிடித்த ஏழைச் சரக்கு இல்லை இது. ஒரு நாடே தலைமுறை தலைமுறையாக ரசித்துச் சாப்பிடும் அசல் பண்டம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நம் சொந்தத்திலேயே ஒரு பையனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. பிறந்தநாள் விருந்துகளில் மற்ற பிள்ளைகள் கிண்ணத்தை வழித்து நக்கும்போது, அவன் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து ஓரமாக உட்கார வைக்கிறோம். "பாவம், அவனுக்கு வேறு ஏதாவது குடுங்க" என்று நாலு பேர் காதில் விழச் சொல்கிறோம். இத்தனை வருடம் வகுப்பறையில் நின்றவள் சொல்கிறேன்: பிள்ளைகளுக்குப் பண்டம் கிடைக்காதது இரண்டு நாளில் மறந்துவிடும். தனியாக உட்கார வைத்தது மறக்காது. எல்லாருக்குமே தேங்காய்ப்பாலில் செய்து, ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்து வையுங்கள். யாரும் பாவம் இல்லை.

இன்னொன்று. கடையில் 'ஃப்ரோஸன் டெசர்ட்' என்று விற்பதில் தாவரக் கொழுப்பு சேர்க்கிறார்கள். அதனால் அதில் பாலே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பால் பவுடர் பெரும்பாலும் இருக்கும். லேபிளைப் படித்துவிட்டுக் கொடுங்கள். அதேபோல வேர்க்கடலை ஆகாத பிள்ளைகளும் உண்டு. கேட்டுவிட்டுத் தூவுங்கள்.

இரண்டாவது கேள்வி. உப்பு எழுத்துப்பிழை இல்லை. அதுதான் இந்தச் சமையலின் உயிர். மாம்பழத்தோடு அவர்கள் சாப்பிடும் ஒட்டரிசிச் சோற்றுக்கும் உப்புப் போட்ட தேங்காய்ப்பால்தான் ஊற்றுவார்கள். தேங்காய்ப்பாலின் கொழுப்பு நாக்கில் திகட்டாமல் தடுப்பது அந்த உப்பு. மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ற நமக்கு இது புரியாதா என்ன?

மூன்றாவது கேள்வி ஏலக்காய். வேண்டவே வேண்டாம்! இனிப்பு என்றாலே ஏலக்காய் தட்டுவது நம் கைப்பழக்கம். தட்டினால் உறைந்த பாயசம் கிடைக்கும், தாய்லாந்து ஐஸ்கிரீம் கிடைக்காது. அங்கே வாசனைக்கு ரம்பை இலை. கிடைக்காவிட்டால் எலுமிச்சைப்புல் தண்டு இரண்டை நசுக்கிப் போடுங்கள், அதுவும் அவர்கள் அடுக்களைப் பொருள்தான். பனைச் சர்க்கரையும் சேர்ப்பார்கள். பெட்சபுரி மாகாணம் அதற்குப் பேர்போனது. மரம் நம் ஊர்ப் பனையேதான், ஆனால் அவர்கள் சர்க்கரை வெளிறிய நிறம், மென்மையான மணம். நம் கருப்பட்டியை முழுதாகப் போட்டால் தேங்காய் வாசனையை அமுக்கிவிடும். கால் பங்கு போதும்.

இனி செய்முறை. இரண்டு பெரிய தேங்காயை வெந்நீர் விட்டு அரைத்து, கெட்டியான பால் அரை லிட்டர் எடுங்கள். சர்க்கரை 125 கிராம், உப்பு கால் டீஸ்பூன், சோள மாவு ஒரு டேபிள்ஸ்பூன், வாசனைக்கு ரம்பையோ எலுமிச்சைப்புல்லோ. மாவைக் கொஞ்சம் ஆறிய பாலில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்துச் சிறுதீயில் கிளறுங்கள். தளதளவென்று கொதித்தால் பால் திரிந்ததுபோல் ஆகிவிடும், லேசாகக் கெட்டியானதும் இறக்குங்கள். சூட்டில் ருசி பார்க்கும்போது இனிப்பு ஒரு பிடி தூக்கலாக இருக்க வேண்டும். குளிர்ந்தால் நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும். வடிகட்டி, ஆறவைத்து, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மெஷின் தேவையில்லை. மறுநாள் ஃப்ரீசரில் வைத்து, 40 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து முள்கரண்டியால் நன்றாக அடித்துவிட்டு வையுங்கள், நாலு தடவை. பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைவிட நல்ல வழி உண்டு. ஒரு வாளியில் மூன்று கிலோ ஐஸும் ஒரு கிலோ கல் உப்பும் போட்டு, நடுவே மூடிபோட்ட எவர்சில்வர் தூக்கை வைத்துத் திருப்பிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். உப்பு சேர்ந்தால் ஐஸ் பூஜ்ஜியத்துக்குக் கீழே 15 டிகிரி அளவுக்கும் குளிரும் என்று வகுப்பில் படித்ததைப் பிள்ளைகள் கையால் தொட்டுத் தெரிந்துகொள்வார்கள். அரைமணி நேரத்தில் ஓரங்கள் உறையும். அவ்வப்போது திறந்து வழித்துக் கலக்கிவிடுங்கள், பிறகு இரண்டு மணி நேரம் ஃப்ரீசர்.

மேலே வேர்க்கடலை, நுங்கு, வேகவைத்த மக்காச்சோளம், எது வேண்டுமானாலும்.

அடுத்தவர் பண்டத்தை முதல் தடவை அவர்கள் செய்கிறபடியே செய்து பார்ப்பதுதான் மரியாதை. இரண்டாம் தடவை உங்கள் இஷ்டம், ஏலக்காயைத் தாராளமாகத் தட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டுப்பாடம் இதுதான்: அடுத்த விருந்துக்கு அழைக்கும்போதே "பிள்ளைக்கு எது ஒத்துக்காது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, எல்லாருக்கும் சேர்த்து ஒன்றைச் செய்யுங்கள். படம் எடுத்துக் கீழே போடுங்கள். மார்க் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்