அடுப்பங்கரைக்கு அனுப்பப்பட்டவன்

அமெரிக்கக் கறுப்பினக் கவியான லாங்ஸ்டன் ஹியூஸ் என்பவர் 1925-ல் வெளியிட்ட, "நானும்" என்று பொருள்படும் தலைப்பையுடைய சிறு பாட்டொன்றைப் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகின்றோம். நாம் இலக்கணம் கற்ற புலவரல்ல. பாட்டென்றால் சாமிகளின் கலியாணத்தையும் ராஜாக்களின் பவனியையும் பாடுவதே என்றிருந்த நாட்டில் பிறந்த நமக்கு, ஒரு மனிதன் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகின்றான் என்பதைப் பற்றி ஒருவர் பாடியிருக்கின்றார் என்பதே பெரிய சங்கதியாகப் பட்டது.

பாட்டின் விஷயம் இவ்வளவுதான். விருந்தாளி வந்தால் வீட்டிலுள்ள கறுப்புச் சகோதரனை அடுப்பங்கரைக்குப் போகச் சொல்லுகின்றார்கள். அவன் அழவில்லை; ஆண்டவனைக் கூப்பிடவில்லை; தலைவிதியென்று நெற்றியில் அடித்துக் கொள்ளவுமில்லை. வயிறாரச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு, நாளைக்கு எல்லோரோடும் மேஜையண்டை உட்காரப் போவதாகச் சொல்லுகின்றான். தான் இழிவானவன் என்று அவன் ஒரு கணமும் நினைக்கவில்லை. சுயமரியாதை என்று நாம் சொல்லுவதும் இதைத்தான்.

தோழர்களே! அந்நாட்டில் அன்றிருந்த வழக்கத்தைச் சிறிது யோசித்துப் பாருங்கள். கறுப்பு ஸ்திரீ சமைத்ததை வெள்ளையன் சாப்பிட்டான். தன் குழந்தையையும் அவள் கையில் கொடுத்து வளர்த்தான். ஆனால் அவள் சரிசமமாய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் மாத்திரம் குடி முழுகிப் போகும் என்றான். நம் நாட்டிலோ 'கீழ்ஜாதி'யான் தொட்ட தண்ணீரே தீட்டு என்றார்கள். அங்கே கை பட்டால் குற்றமில்லை, உட்கார்ந்தால் குற்றம்; இங்கே கை பட்டாலே குற்றம். சுத்தத்துக்காக ஏற்பட்ட ஏற்பாடானால் இப்படி ஒன்றுக்கொன்று முரணாக இருக்குமா? ஆகவே சுத்தம் என்பது வெறும் சாக்கு. மேல் கீழ் என்பதே உண்மை. இதற்கு ஆதாரமாக அவர்கள் பைபிளிலுள்ள நோவாவின் சாபத்தைக் காட்டினார்கள். இவர்கள் மனுவைக் காட்டினார்கள். இரண்டிடத்திலும் கடவுளே சாட்சி! அப்பாட்டு வெளிவந்த காலத்தில்தான், பொதுப் பணம் பெற்ற நம் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்தது.

நிற்க, ஒரு விஷயத்தில் நாம் கவியோடு மாறுபடுகின்றோம். நாளைக்கு வெள்ளையர் வெட்கப்படுவார்கள் என்று அவர் நம்புகின்றார். அந்த 'நாளை' தானாக வரவில்லை. 1960 பிப்ரவரி 1-ந் தேதி கிரீன்ஸ்பரோ என்னும் ஊரில் நான்கு கறுப்பு மாணவர்கள், வெள்ளையருக்கு மாத்திரம் என்றிருந்த ஒரு கடையின் சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்தார்கள். அதே கடை அவர்களுக்குச் சாமான் விற்றுக் காசு வாங்கிக்கொள்ளும். உட்காரவைத்துச் சாப்பாடு மாத்திரம் போடாது. நாளுக்கு நாள் கூட்டம் பெருகிற்று. ஜூலையில் கடைக்காரர் பணிந்தார்கள். 1964-ல் சட்டம் வந்தது. பாட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே 39 வருஷம்! வெட்கப்பட்டு யாரும் இடம் கொடுக்கவில்லை. துணிந்து உட்கார்ந்த பிறகே இடம் கிடைத்தது.

ஆதலால் அமெரிக்க வெள்ளையனை வைதுவிட்டுப் போவதில் யாதொரு பயனுமில்லை. பார்ப்பான் தனிப்பந்தியில் உட்கார்ந்தால் கோபிக்கின்ற நாம், நம் வீட்டுக் கலியாணத்தில், நம் வயலில் பாடுபடும் ஆதிதிராவிடத் தோழருக்கு எங்கே இலை போடுகின்றோம்? நம் பக்கத்திலா, கொல்லைப்புறத்திலா? இக்கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடியாதவர்களுக்கு அப்பாட்டைப் புகழும் யோக்கியதை கிடையாது என்பதே நமது அபிப்பிராயம்.