ஒட்டுக் கொடி



பிஸ்கட்டவேயில் எம்மவர் நால்வர் கூடினால் எழும் கேள்வி ஒன்றுண்டு: "ஊரில் கற்ற தொழிலுக்கு இங்கே என்ன மதிப்பு?" அங்கே ஆசிரியராயிருந்தவர் இங்கே எரிபொருள் நிலையத்தில் இரவு வேலை பார்க்கிறார். அவரது வேதனை நியாயமானதே. இதே வேதனையோடு இந்நாட்டின் மேற்குக் கரையை அடைந்த ஒருவரின் கதையை இவ்வாரம் நோக்குவோம். அவர் தொழில் வைன் தயாரிப்பு. மதுவைப் புகழ்வது எம் நோக்கமன்று. தோலகட்டி மடத்துத் திராட்சை இரசத்தை அறிந்த எமக்கு அதுவும் ஒரு கைத்தொழிலே.

மில்யென்கோ கிர்கிச் 1923இல் குரோவேசியாவின் டெஸ்னே என்னும் சிற்றூரில், 11 பிள்ளைகளுள் கடைசியாகப் பிறந்தார். சிறுவயதிலேயே திராட்சை மிதித்துப் பழகியவர், பின் சாக்ரெப் பல்கலைக்கழகத்தில் அத்துறையையே பயின்றார். பொதுவுடைமை ஆட்சி நிலவிய யூகோஸ்லாவியாவை விட்டு 1954இல் மேற்கு ஜேர்மனிக்கு வெளியேறினார். பின்னர் கனடாவில் காத்திருந்து, 1958இல் கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கை வந்தடைந்தார். கையில் ஓர் அட்டைப் பெட்டியே இருந்தது.

வந்தவுடன் எவரும் அவரைத் தலைமையில் அமர்த்தவில்லை. பிறரது நிலவறைகளில் 14 ஆண்டுகள் பணியாற்றினார். அவற்றுள் போலியூ நிலையத்தில் அவருக்கு வழிகாட்டிய ஆந்த்ரே செலிஸ்செவ், புரட்சிக்குப் பின் ரஷ்யாவை நீங்கி, பிரான்சில் பயின்று, 1938இல் நாபாவுக்கு வந்தவர். ஏதிலிக்கு ஏதிலியே ஆசானானார்.

1972இல் ஷட்டோ மொன்டலீனா என்னும் சிறிய வைன் நிலையம் மீண்டும் உயிர்பெற்றபோது, கிர்கிச் அதன் தயாரிப்பாளரானார். 1976 மே 24ஆம் நாள் பாரிஸில், போத்தலின் பெயரை மறைத்து நடந்த போட்டியில், அவர் தயாரித்த 1973ஆம் ஆண்டின் வெள்ளை வைனுக்கு முதலிடம் கிடைத்தது. சுவைத்துத் தீர்ப்பளித்த ஒன்பது நடுவர்களும் பிரெஞ்சுக்காரர். மறு ஆண்டே ஒரு பங்காளியுடன் சொந்த நிலையம் தொடங்கினார். 1996இல் தாய்நாட்டிலும் ஒன்று நிறுவினார். 2023 டிசம்பரில், தமது நூறாவது வயதில் மறைந்தார்.

19ஆம் நூற்றாண்டில் வேர்ப்பூச்சியொன்று ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டியே அவற்றைக் காத்தனர். வேர் இந்த மண்ணினது. கனி தன் இனத்தின் குணம் மாறாதது. கிர்கிச்சும் அவ்வாறே வாழ்ந்தார். சாக்ரெப்பில் பெற்ற கல்வியை அவர் கைவிடவில்லை. இந்நாட்டு முறைகளைக் கற்க வெட்கப்படவுமில்லை.

ஒட்டுப் பிடிக்கக் காலம் எடுக்கும். அதுவரை எம் பெரியோர் தம் சான்றிதழ்களைப் பெட்டியடியில் உறங்கவிடாது, இங்கு மதிப்பீடு செய்வித்து, வேண்டிய மேற்பயிற்சியைப் பெற முயல்க. தந்தை ஊரில் என்ன தொழில் செய்தார் என்பதைப் பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.