மதிலுக்கு வெளியேயும் பள்ளி வேண்டும்

தசரா ஊர்வலத்துக்காக ஹுணசூர் வட்டத்து வீரனஹொசஹள்ளியிலிருந்து யானைகள் மைசூர் வந்து சேர்ந்ததும் அரண்மனை வளாகத்தில் ஒரு பள்ளி முளைத்துவிடுகிறது. யானைகளோடு காட்டு முகாம்களிலிருந்து வரும் பாகர்கள், காவடிகள் ஆகியோரின் பிள்ளைகளுக்கான கூடாரப் பள்ளி அது. அவர்களுள் பலர் ஜேனுக் குறும்பர் முதலிய பழங்குடியினர். நகரில் தங்கும் வாரங்களில் அவர்களது படிப்பு அறுந்துபோகக் கூடாது என்பதற்காக அரசே ஆசிரியரை அனுப்புகிறது. பள்ளியைத் தேடிக் குழந்தை அலையவில்லை. குழந்தை இருக்கும் இடத்துக்குப் பள்ளி வருகிறது.

பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால் இந்த நியாயம் அரண்மனை மதிலோடு ஏன் நின்றுவிடுகிறது? மதிலுக்கு வெளியே, நடைபாதைகளிலும் பேருந்து நிலையத்து ஓரங்களிலும் வெளிவட்டச் சாலையில் எழும்பும் கட்டடங்களின் அடியிலும் கண்விழிக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். பலூன் விற்பவர், பொம்மை விற்பவர், கல்லும் மண்ணும் சுமப்பவர் பெற்ற பிள்ளைகள் அவர்கள். கட்டுமானத் தொழிலாளர் பிள்ளைகளுக்காகக் கர்நாடகத்தில் ஆங்காங்கே கூடாரப் பள்ளிகள் நடந்ததுண்டு. அவை சலுகையாக வந்தவை, உரிமையாக நிலைபெறவில்லை.

பழியைச் சட்டத்தின் மீது போட்டுத் தப்பிக்க இயலாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் உரியது. வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுக்கலாகாது என்கிறது 14ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவது தடையாகாது என்கிறது 5ஆம் பிரிவு. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது 15ஆம் பிரிவு. புலம்பெயர்ந்த குடும்பத்துக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்பின் தலையில் வைக்கிறது 9ஆம் பிரிவு. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. இத்தனைக்குப் பிறகும் முகவரிச் சான்று கேட்டு ஒரு தாயைத் திருப்பி அனுப்பும் பள்ளி, சட்டத்தை மீறுகிறது. அதை விதிமுறை என்று அழைப்பது பொய்.

இந்தப் பொய்க்கு அரசின் மொழியும் துணைபோகிறது. தமிழில் 'பள்ளி செல்லாக் குழந்தைகள்' என்கிறோம். கன்னடத்தில் 'ஷாலெயிந்த ஹொரகுளித மக்களு', அதாவது பள்ளிக்கு வெளியே தங்கிவிட்ட பிள்ளைகள். இரண்டு தொடரிலும் எழுவாய் குழந்தையே. செல்லாதது அதன் செயல். வெளியே தங்கியதும் அதன் செயல். சேர்க்க மறுத்தவருக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. 'பள்ளி சேர்க்காத குழந்தைகள்' என்று ஒருமுறை எழுதிப் பார்த்தால் குற்றவாளி யாரென்று இலக்கணமே காட்டிக்கொடுத்துவிடும்.

'இன்று சேர்த்தால் நாளை வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்' என்பது வழக்கமான மறுப்பு. அரண்மனைக் கூடாரத்துப் பிள்ளைகளும் தசரா முடிந்ததும் போய்விடுகிறவர்களே. அவர்களுக்குப் பள்ளி நடத்துவது வீண் என்று எவரும் சொல்லவில்லை. 2011 கணக்கெடுப்பின்போது பிப்ரவரி 28ஆம் நாள் இரவில் தெருத்தெருவாகச் சென்று நாடெங்கும் 17.7 லட்சம் வீடற்றோரை எண்ணியது இந்த அரசு. எண்ணுவதற்கு ஓர் இரவில் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தவர்களை, கற்பிப்பதற்கு மட்டும் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை?

வாயில் திறந்தாலும் வகுப்பறையில் இன்னொரு பூட்டு உண்டு. தெருவோரக் குழந்தையின் வீட்டுமொழி தமிழாக, தெலுங்காக, இந்தியாக, வாக்ரிபோலியாக இருக்கலாம். கன்னட வகுப்பில் அது பேசாமல் அமர்ந்திருந்தால் 'மந்தம்' என்று எழுதிவிடுவது எளிது. தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது அரசமைப்பின் 350ஏ உறுப்பு. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இதே மைசூரில் இருக்கிறது. மொழியறிவுக்குப் பஞ்சமில்லாத நகரம் இது. அந்த அறிவு மானசகங்கோத்ரியிலிருந்து நடைபாதைக்கு இறங்கி வரவில்லை என்பதே குறை.

அமெரிக்கா 1987இல் இயற்றிய மெக்கின்னி-வென்டோ சட்டத்தின்படி, ஆவணம் இல்லாவிட்டாலும் வீடற்ற குழந்தையை உடனே சேர்க்க வேண்டும். இதற்கென ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். மைசூருக்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. இருக்கும் சட்டத்துக்குப் பெயர் சொல்லிக் கேட்கத்தக்க ஓர் அதிகாரி வேண்டும். வீட்டுமொழி தெரிந்தவரைக் கொண்டு 4ஆம் பிரிவு சொல்லும் சிறப்புப் பயிற்சி வேண்டும். கூடாரம் உள்ள இடமெல்லாம் கூடாரப் பள்ளி வேண்டும்.

கட்டாயத் தொடக்கக் கல்விக்கு 1913இலேயே சட்டம் கண்ட சமஸ்தானத்தின் தலைநகரம் இது. பள்ளியை அரண்மனைக்குள் கொண்டுவரத் தெரிந்த அரசு, அதை மதிலைத் தாண்டி நூறடி நடத்திச் செல்லட்டும்.