மறைக்கச் சொல்வதே பெரிய நோய்

இலண்டனில் ஒரு திருமண மண்டபம். மாலை நேர வரவேற்பு நடைபெறுகின்றது, விளக்குகள் தணிக்கப்பட்டுள்ளன. பெரியவர் ஒருவர் கைகொடுக்கக் கையை நீட்டுகின்றார். எதிரே நிற்கும் இளைஞன் அதனைக் கவனியாது நிற்கின்றான். "படிச்ச திமிர்" என்று முணுமுணுத்தபடி பெரியவர் விலகிச் செல்கின்றார். சற்று நேரத்தில் அதே இளைஞன் கதிரை ஒன்றில் இடறித் தடுமாறுகின்றான். "இப்பவே தொடங்கிட்டான்" என்று அடுத்த மேசையில் தீர்ப்பு வழங்கப்படுகின்றது. அவனது தாய்க்கு உண்மை தெரியும். ஆயினும் அவர் வாய் திறப்பதில்லை. மகனைக் குடிகாரன் என்று உறவினர் நினைப்பதைக் காட்டிலும், அவனுக்குக் கண் பார்வை குறைந்து வருகின்றது என்று அவர்கள் அறிவதே அவருக்குப் பேரச்சமாக உள்ளது.

இத்தகைய தாய்மாரும் இத்தகைய பிள்ளைகளும் புலம்பெயர் தமிழர் மத்தியில் உள்ளனர். அவர்களைப் பற்றிப் பேசாதிருப்பதே நாகரிகம் என்று கருதப்படுகின்றது. அது நாகரிகம் அன்று; கொடுமை.

அந்த இளைஞனுக்கு இருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா எனப்படும் பரம்பரை விழித்திரை நோய். உலகில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. மங்கிய ஒளியை உணரும் விழித்திரைக் கலங்கள் முதலில் அழிவதால் பெரும்பாலும் இரவுப் பார்வை முதலில் குன்றுகின்றது. பின்னர் பக்கப் பார்வை ஆண்டுக்காண்டு சுருங்கி, குழாய் ஒன்றின் ஊடாக உலகைப் பார்க்கும் நிலை ஏற்படுகின்றது. நேரே உள்ள எழுத்தை வாசிக்கும் ஒருவருக்குக் காலடியில் உள்ள படி தெரியாமற் போவது இதனால்தான். "புத்தகம் வாசிக்கிறவனுக்குப் படி தெரியாதோ?" என்று ஏளனம் செய்வோரும், "மாலைக்கண்தானே, கரட் சாப்பிட்டால் சரி" என்று வைத்தியம் சொல்வோரும் இதனை அறியார். ஊட்டச்சத்துக் குறைவால் வரும் மாலைக்கண் வேறு; மரபணுவால் வரும் இந்நோய் வேறு.

இந்நோயாளரின் மன உளைச்சல் ஒருநாள் துயரன்று. விபத்தில் பார்வையை இழந்தவர் ஒருமுறை அழுது, ஒருமுறை பழகிக்கொள்கின்றார். இவர்களோ இன்று எஞ்சியுள்ள பார்வைக்குப் பழகி முடிப்பதற்குள் அதிலும் ஒரு பங்கை இழந்துவிடுகின்றனர். நெரிசலான தொடருந்து நிலையத்தில் ஒவ்வோர் அடியும் கணக்கு; ஒவ்வொரு படியும் மனப்பாடம். உடல் ஓயாது விழிப்பு நிலையில் இருக்கின்றது. இவ்வாறு நீடிக்கும் அழுத்தம் உறக்கத்தைக் கெடுக்கும், இரத்த அழுத்தத்தை உயர்த்தும், மனச்சோர்வுக்கு வழிகோலும்.

இச்சுமையின் மீது குடும்பம் இன்னொரு சுமையை ஏற்றுகின்றது. "ஒருவருக்கும் சொல்லாதே" என்பதே அது. தெரியாததைத் தெரிந்ததுபோல் நடிக்க வேண்டும். வெள்ளைப்பிரம்பைப் பைக்குள் ஒளித்து வைக்க வேண்டும். மாலை அழைப்புகளுக்குப் பொய்க் காரணம் தேட வேண்டும். நோயை முற்றாக நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் இந்த நடிப்பை நிறுத்துவதற்கு எந்த மருந்தும் தேவையில்லை.

பெற்றோர் கூறும் காரணம் யாவரும் அறிந்ததே. "தங்கைச்சிக்கு யார் சம்பந்தம் பேச வருவினம்?" இந்த அச்சம் கற்பனையன்று, கலியாணப் பேச்சுகளில் குடும்ப நோயைத் துருவும் வழக்கம் உண்டு. ஆனால் மறைப்பு எதனைக் காப்பாற்றுகின்றது? இந்நோயுடன் தொடர்புடைய 80-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இதுவரை அறியப்பட்டுள்ளன. அவற்றுட் பல ஒடுங்கு முறையில் கடத்தப்படுகின்றன. அதாவது, நல்ல பார்வையுள்ள தாய், தந்தை இருவரும் ஒரே மரபணுவிற் பழுதைக் காவியிருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மச்சான், மச்சாள் முறையில் மணம் முடிப்போர் ஒரே பாட்டன், பாட்டியின் வழித்தோன்றல்கள். ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அங்கு கூடுதல். தமது பிள்ளையின் நோயை உடன்பிறந்தாரிடமே மறைக்கும் பெற்றோர், அந்த உடன்பிறந்தாரின் பேரப்பிள்ளைகளையும் இருளில் விடுகின்றனர். மானம் காப்பதற்காகச் செய்யும் மறைப்பு நோயையே அடுத்த தலைமுறைக்குச் சீதனமாகக் கொடுக்கின்றது.

"தாய் வழியில் வந்த வியாதி" என்று பெண் மீது பழி போடுவோருக்கும் ஒரு சொல். மரபணுவை எவரும் தெரிந்தெடுத்துக் கொடுப்பதில்லை. ஒடுங்கு முறைக் கடத்தலில் தந்தையின் பங்கும் தாயின் பங்கும் சமம்.

மறைப்பதால் இழக்கும் உரிமைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரித்தானியாவில் கண் மருத்துவ நிபுணர் பார்வைக் குறைபாட்டுச் சான்றிதழ் வழங்கினால், 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் பாதுகாப்பு வேறு நிரூபணம் இன்றியே கிடைக்கும். வேலைத்தலத்தில் நியாயமான மாற்றங்களைச் செய்வது முதலாளியின் கடமையாகும். ஆனால் முதலாளி அறியாத, அறிந்திருக்க வாய்ப்பும் இல்லாத குறைபாட்டுக்கு அக்கடமை எழாது. திரைவாசிப்பு மென்பொருளுக்கும், வேலைக்குச் சென்றுவரும் செலவுக்கும் உதவும் அரச திட்டம் உண்டு. கேட்காதவருக்கு அது கிடைக்காது. இந்நோயுள்ளவர் சாரதி அனுமதிப்பத்திரத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். தவறினால் 1,000 பவுண் வரை தண்டம். மானத்துக்காக வாகனம் ஓட்டும் பிள்ளை பிறர் உயிரையும் பணயம் வைக்கின்றான்.

சிகிச்சையும் இதனோடு தொடர்புடையதே. ஆர்பிஈ65 என்ற ஒரு மரபணுவின் பழுதுக்கான லக்ஸ்டர்னா மரபணுச் சிகிச்சை 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2019இல் இங்கிலாந்தின் அரச மருத்துவ சேவைக்கும் பரிந்துரைக்கப்பட்டது. அது எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் மரபணுப் பரிசோதனைக்கே செல்லாதவர், தமக்கு அது பொருந்துமா என்பதை எவ்வாறு அறிவார்?

மறைப்பின் இன்னொரு கோரமும் உண்டு. பார்வை குன்றும்போது மூளை தானாகவே உருவங்களைத் தோற்றுவிப்பதுண்டு. 1760இல் சுவிஸ் அறிஞர் சார்ல்ஸ் பொனே தமது பாட்டனாரிடம் கண்டு எழுதிய இந்நிலை அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. இது பைத்தியம் அன்று. ஆனால் நோயையே மறைக்கப் பழகிய ஒருவர், இல்லாத மனிதர் கண்முன் தெரிவதை யாரிடம் சொல்வார்? பைத்தியம் பிடித்துவிட்டதென்று தனிமையில் நடுங்குவதே அவர் கதி.

பிள்ளையின் நோயைப் பெற்றோர் ஊரெல்லாம் பறைசாற்ற வேண்டும் என்பதன்று இங்கு கேட்கப்படுவது. யாரிடம், எப்போது சொல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பார்வையை இழந்துவருபவருக்கே உரியது. அவர் சொல்ல விரும்பும்போது வாயைப் பொத்தும் உரிமை எவருக்கும் இல்லை. இரத்த உறவினருக்கு மரபணு ஆபத்தை அறியத்தரும் வழிகளை மரபணு ஆலோசகரோடு சேர்ந்து அவர் முடிவு செய்யலாம்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் இதிற் பங்குண்டு. படிகளின் விளிம்பில் மஞ்சட் கோடு இடுவதற்குப் பெருஞ்செலவு இல்லை. அறிவித்தல்களை வெறும் படமாக வெளியிட்டால் திரைவாசிப்பான் அவற்றை வாசிக்காது. ஒருங்குறி எழுத்தில் வெளியிட்டால் வாசிக்கும். இவை தருமம் அல்ல, கடமை.

இளையோரே, உங்கள் நண்பர் இருளில் தயங்கினால் காரணம் கேட்டு வற்புறுத்தாதீர்கள். முழங்கையை நீட்டுங்கள், பிடிப்பதா என்பதை அவர் முடிவு செய்வார். பெற்றோரே, பைக்குள் ஒளிந்திருக்கும் அந்த வெள்ளைப்பிரம்பை அடுத்த கலியாண வீட்டுக்கு வெளியில் எடுத்து வர உங்கள் பிள்ளை விரும்பினால் தடுக்காதீர்கள். அருகில் நிமிர்ந்து நடவுங்கள்!