விடுமுறைப் பயணமும் தண்டனைச் சட்டமும்



தன்பாலீர்ப்பினர், அதாவது தம் பாலினத்தவர் மீதே காதல் கொள்வோர், வெப்பமண்டல நாடொன்றுக்கு விடுமுறைப் பயணம் திட்டமிடும்போது கடற்கரையின் அழகுக்கு முன்பாக அந்நாட்டுச் சட்டத்தை அறிய வேண்டியிருப்பதைப் பயண இதழ்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. தாய்லாந்தில் பாலின வேறுபாடின்றி எந்த இருவரும் மணம்புரிய இடமளிக்கும் திருமணச் சமத்துவச் சட்டம் 2025 ஜனவரி 23 முதல் நடைமுறையில் இருப்பதாலும், பாங்காக்கின் சீலோம் பகுதி இத்தகைய விருந்தினருக்கு நெடுங்காலமாகப் பழகியிருப்பதாலும், அங்கு ஆண்கள் இருவர் இணையராக ஒரே அறையைப் பதிவு செய்வது வியப்புக்குரியதன்று. பொது இடத்தில் முத்தமிடுவதை மட்டும், முத்தமிடுவோர் ஆணும் பெண்ணுமாகவே இருப்பினும், அந்நாட்டு வழக்கம் விரும்புவதில்லை.

சிக்கல் வழியில்தான் உள்ளது. சென்னையிலிருந்து கோலாலம்பூர் வழியாகச் செல்வோர், கட்டணம் மலிவென்று அங்கேயும் இரண்டு நாள் தங்க எண்ணுவதுண்டு. ஆனால் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377பி பிரிவு, ஆண்களுக்கிடையிலான உறவுக்கு, அது இருவரின் இசைவுடன் நிகழ்ந்ததாயினும், 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்க இடமளிக்கிறது. சிங்கப்பூரிலோ, அத்தகைய உறவைக் குற்றமாக்கிய காலனிக் காலத்து 377ஏ பிரிவை நீக்க நாடாளுமன்றம் 2022இல் வாக்களித்துவிட்டது. ஆதலால் இடைத்தங்கலுக்கு, கட்டணம் சற்றுக் கூடினாலும், அந்நகரமே ஏற்றது.

வாசகர், திருச்சி