தாத்தாவின் வேட்டியில் ஏன் இளஞ்சிவப்பு?

குடும்ப வரலாறு பற்றி இடுபணி என்றதும் நாம் முதலில் செய்வது, வீட்டு அலமாரியைக் குடைந்து தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடுவதுதான். ஸ்கேன் செய்கிறோம், பெரிதாக்கி அச்சிடுகிறோம், கண்காட்சிப் பலகையில் ஒட்டுகிறோம். நல்ல காரியம். ஆனால் அந்தப் பலகையைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். தாத்தாவின் வேட்டி மடிப்பில் இளஞ்சிவப்பு தெரியும். பாட்டியின் கூந்தலில் பச்சைச் சாயல் இருக்கும். கேட்டால், "பழைய படம்தானே, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள்.

நான் இதை ஏற்கவில்லை. பழைய படம் மஞ்சளடித்திருக்கலாம், பழுப்பேறியிருக்கலாம். பச்சையும் இளஞ்சிவப்பும் நம் வீட்டு பிரிண்டர் சேர்த்தவை.

சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரில் சாம்பல் நிற மை என்று தனியாக எதுவும் இல்லை. சியான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மூன்றையும் சிறு புள்ளிகளாகத் தெளித்துத்தான் அது சாம்பலைக் காட்டுகிறது. மூன்றில் ஒன்று சற்றுக் கூடினாலும் சாம்பல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வண்ணப் படத்தில் இந்தச் சாய்வு அவ்வளவாகத் தெரியாது. கறுப்பு வெள்ளையில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

"கறுப்பு மை இருக்கிறதே, அது எங்கே போனது?" என்று கேட்பீர்கள். இங்குதான் வேடிக்கை. பல மலிவு ரக பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் எனப்படும் துகள் மை. மற்ற மூன்றும் நீரில் கரைந்த சாய மை. துகள் மை பளபளப்பான படத்தாளில் சரியாகப் படியாது. அதனால் அத்தகைய தாளைத் தேர்ந்தெடுத்ததும் பிரிண்டர் கறுப்பு மையை ஒதுக்கிவிட்டு, கறுப்பையும் மூன்று வண்ணங்களால் கலந்து தருகிறது. அந்தக் கறுப்பு மையின் நிறம் கரித்துகளால் ஆனது. வெளிச்சத்தில் எளிதில் வெளுக்காது. ஆக, பெட்டியிலேயே நீண்ட நாள் தாங்கும் மையைத் தொடாமல், சீக்கிரம் மங்கும் மையால், விலை கூடிய தாளில் அச்சிடுகிறோம்!

நிறம் சாய்வதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குக் கவலை, அது மங்கும் விதம். மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. ஒன்று முந்திக்கொள்ளும்; மிஞ்சிய இரண்டின் நிறம் முகத்தில் ஏறும். சாமி மேடைக்குப் பக்கத்தில், விளக்கு வெளிச்சத்தில், மாலையுடன் மாட்டப்படும் படங்களுக்கு இது இன்னும் விரைவாக நடக்கும். பழைய ஸ்டூடியோ படமோ வெள்ளித் துகள்களால் ஆனது. முறையாகக் கழுவப்பட்டிருந்தால் நூறாண்டுகூடத் தாங்கும். நகல்தான் முதலில் சாகும். அது தெரியாமல், "ஸ்கேன் செய்தாகிவிட்டதே" என்று மூலப் படத்தைத் தொலைக்கும் வீடுகள் உண்டு.

நம் நாட்டில் இது சிறிய விஷயம் அல்ல. 1948-இல் அவசரகாலம் தொடங்கியபின் மலாயாவில் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வந்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் கொள்ளுத்தாத்தா முதன்முதலில் கேமராவைப் பார்த்தது அந்த அட்டைக்காகத்தான். அவருடைய முகம் எங்களுக்குத் தெரிவது அந்த ஒரு படத்தால். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கக்கூடும்.

"கைப்பேசியில் இருந்தால் போதாதா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கைப்பேசியை மாற்றும்போது எத்தனை படங்கள் உடன் வந்தன என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

வீட்டு பிரிண்டரிலேயே ஒரு வழி உண்டு. பளபளப்பில்லாத கனமான தாளை வைத்து, தாள் வகையைச் சாதாரணத் தாள் என்றும் நிறத்தைக் கிரேஸ்கேல் என்றும் அமையுங்கள். பெரும்பாலும் கறுப்பு மை வேலைக்கு வந்துவிடும். வந்ததா என்று அறிய, அச்சிட்ட படத்தைக் கைப்பேசிக் கேமராவில் மிக அருகில் வைத்துப் பாருங்கள். வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் வரவில்லை. இம்முறையில் வெளிர் பகுதிகள் கொஞ்சம் பொரிப்பொரியாக இருக்கும். கை நீட்டும் தூரத்தில் அது எனக்கு உறுத்துவதில்லை. இளஞ்சிவப்பு வேட்டிதான் உறுத்துகிறது.

முழுத் தரம் வேண்டுமென்றால் சாம்பல் மைகளே உள்ள பிரிண்டர் தேவை. எப்சன் 2005-இல் கறுப்பு, வெளிர் கறுப்பு, மிக வெளிர் கறுப்பு என மூன்று அடர்த்திகளில் துகள் மையைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஜான் கோன் என்ற அச்சுக் கலைஞர் வண்ண மைகளையே எடுத்துவிட்டு எல்லாத் துளைகளிலும் சாம்பல் மைகளை நிரப்பிக் காட்டினார். படக்கடையின் இரசாயனத் தாள் இதற்கு ஈடாகாது. அதிலும் சாம்பல் மூன்று சாயங்களின் கலவைதான்.

அத்தகைய பிரிண்டரின் விலை ஒரு மாணவருக்குக் கட்டாது. ஆனால் ஒரு பல்கலைக்கழக இந்தியர் கழகத்துக்கு? ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிய டீ-சட்டை அடிக்கும் கழகங்கள், ஓராண்டு சட்டையை விட்டுவிட்டுப் புகைப்படக் கழகத்தோடு சேர்ந்து ஒன்றை வாங்கலாம். மை, தாள் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு மாணவர்களின் வீட்டுப் படங்களை அச்சிட்டுத் தரலாம். மூலப் படத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பத்தில் அல்ல, காகித உறையில்.